அவள் செய்த முப்பது விநாடி

மார்ச் 4, செவ்வாய்

இன்று பதிவிறக்கம் பதினொன்று. அதில் ஒன்று என் கணவர் தன் ஆபீஸ் போனில் போட்டது. கழித்தால் பத்து.

இரண்டு வருடம் உட்கார்ந்து எழுதிய செயலி. மாமனார் பக்கவாதத்தில் படுத்திருந்தபோது, ஒருநாள் பிரஷர் மாத்திரையை நான் கொடுத்தேன். அரை மணி கழித்து, தெரியாமல், என் ஓரகத்தியும் அதையே கொடுத்துவிட்டாள். அன்று அவர் பிழைத்ததே பெரிது. அந்தப் பயத்தில் பிறந்ததுதான் ‘கொடுத்தாச்சு’. மாத்திரை கொடுத்தவர் போனில் ஒரு தட்டு தட்டினால், வீட்டில் எல்லார் போனிலும் பச்சைக் குறி விழும். இப்போது மாமனார் எழுந்து நடக்கிறார். செயலிதான் படுத்துக் கிடக்கிறது.

ஆப் ஸ்டோரில் நம் செயலியின் பக்கத்துக்கு வீடியோ இல்லை என்பதுதான் குறையாம். “சின்னவகிட்ட கேளு. விளம்பரக் கம்பெனியில எடிட்டிங் பண்ணிட்டிருந்தவளாச்சே” என்கிறார் கணவர். கொழுந்தன் மனைவியிடம் போய் நிற்க வேண்டுமா? நிற்கத்தான் வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

ஓரகத்தி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். செயலியின் பன்னிரண்டு வசதிகளையும் எழுதி நீட்டினேன். வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

“அக்கா, மொத்தமே முப்பது செகண்ட்தான். அதுலயும் ஜனங்க மூணு செகண்ட் பாத்துட்டுத் தள்ளிடுவாங்க. சத்தத்தை வேற அணைச்சு வச்சிருப்பாங்க. ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க.”

“பன்னெண்டும் நான் எழுதினதுதான்.”

“சரி, பன்னெண்டுல எதுக்காக நீங்க அழுதீங்க?”

நீட்டிய தாளை மடித்துக்கொண்டேன். அன்று என் பக்கத்தில் நின்று அழுதவளே அவள்தானே.

மார்ச் 16, ஞாயிறு

வீடியோ வந்துவிட்டது.

திரையில் ‘அப்பா – காலை மாத்திரை’. தட்டப் போகிற நேரத்தில் பச்சை விழுகிறது: ‘8.10க்குத் தங்கை கொடுத்துவிட்டாள்.’ அப்படியே ஒரு கணம் நிற்கிறது. பிறகு பெரிய எழுத்தில், ‘நல்லவேளை.’ அவ்வளவுதான். எல்லாம் என் திரை, என் பொத்தான், என் பச்சை. ஆனால் அந்த நிறுத்தம் அவளுடையது.

மறுபடி போட்டுப் பார்த்தேன். அடுத்த நொடியே எரிச்சல். இது எனக்கு ஏன் தோன்றவில்லை?

மாமனார் மூன்று தடவை போட்டுப் பார்த்தார். “சின்னவ கெட்டிக்காரி” என்றார். செயலி யாருது மாமா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

மார்ச் 19, புதன்

அறுநூற்று நாற்பது. ஒரே நாளில்.

மார்ச் 24, திங்கள்

முப்பத்தொரு பேர் கருத்து எழுதியிருக்கிறார்கள். பதினான்கு பேர் வீடியோவைப் பற்றி. “வீடியோவைப் பார்த்துத்தான் இறக்கினேன்.” “வீடியோ அழ வைத்துவிட்டது.” ஒரே ஒரு புண்ணியவான், மாத்திரை தீரும் தேதியை முன்கூட்டியே சொல்வது அருமை என்கிறார். அவர் நன்றாக இருக்கட்டும்.

சாப்பிடும்போது கணவரும், “அவ கைராசிக்காரி” என்றார். தட்டைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. எனக்கு மட்டும் புரிகிறதா? எனக்காகச் செய்து கொடுத்தவள் மேலே இத்தனை காந்தல். சே.

ஏப்ரல் 3, வியாழன்

ஒரு தொழில்நுட்ப வார இதழிலிருந்து உதவி ஆசிரியை போனில் பேட்டி எடுத்தார். கடைசியில், “அந்த வீடியோ ஐடியா யாரோடதுங்க?”

“என்னோடதுதான்.”

வாய் தவறி வந்துவிட்டது என்று எழுதப் பார்த்தேன். பொய். யோசிக்க நேரம் இருந்தது. யோசித்துத்தான் சொன்னேன்.

ஏப்ரல் 7, திங்கள்

பேட்டி வெளியாகிவிட்டது. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது அவள் வந்தாள்.

“பேட்டி நல்லா வந்திருக்குக்கா.”

கிளிப்பை மாட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். நாலு வார்த்தை கத்தியிருக்கக் கூடாதா?

ஏப்ரல் 22, செவ்வாய்

புதிய பதிப்பில் திரை முழுவதையும் மாற்றினேன். வீடியோவில் இருப்பது இப்போதைய செயலி இல்லை என்று ஸ்டோர்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

“சின்னவகிட்ட…” என்று ஆரம்பித்தார் கணவர்.

“நானே பண்ணிக்கறேன்.”

ஏப்ரல் 29, செவ்வாய்

நானே செய்தேன். பன்னிரண்டு வசதியும் முப்பது விநாடியில். எக்ஸ்பிரஸ் ரயில் ஜன்னலிலிருந்து ஸ்டேஷன் பெயர்ப் பலகை படிக்கிற மாதிரி இருக்கிறது.

நாளுக்கு ஐந்நூறு பதிவிறக்கம் என்று இருந்தது நாற்பதுக்கு வந்துவிட்டது.

மே 2, வெள்ளி

வெட்கத்தைவிட்டு மாடிக்குப் போனேன். அவள் புதுக் கைப்பையில் சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“திங்கக்கிழமை வேலைக்குச் சேர்றேன்க்கா. ஒரு ஆப் கம்பெனி. ஸ்டோர் வீடியோ மட்டும் பண்ணணும்.”

“என்ன ஆப்?”

தயங்கினாள். “உங்களோடது மாதிரிதான். வீட்ல நோயாளியப் பாத்துக்கறவங்களுக்கு.”

“எதைப் பாத்து எடுத்தாங்க?” என்றேன்.

“இதுவரை பண்ணதைக் காட்டச் சொன்னாங்க. நம்ம வீடியோவைக் காட்டினேன். இதைப் பண்ணவங்க வேறயாச்சே, பேட்டியில படிச்சோமேன்னாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“ஒண்ணும் சொல்லல. எடிட்டிங் ஃபைலைத் திறந்து காட்டினேன்.” அப்புறம் மெதுவாக, “உங்களைப் பத்தி ஒரு வார்த்தை பேசலக்கா.”

வேறு வேலையே கிடைக்கவில்லையா என்று கேட்க வந்த வாய் மூடிக்கொண்டது. இவளை அங்கே அனுப்பியது யார்? நான்தான்.

மே 3, சனி

இதழுக்கு எழுதிவிட்டேன். வீடியோ என் ஓரகத்தியின் யோசனை, அவளுடைய உழைப்பு, நான் சொன்னது பொய் என்று. மாலையே பேட்டியின் அடியில் ஒரு வரி திருத்தம் போட்டார்கள்.

சாப்பாட்டு மேஜையில் வீட்டிலும் சொன்னேன். யாரும் நிமிரவில்லை. மாமனார்தான், “எங்களுக்குத் தெரியாதாக்கும்?” என்றார். “அந்தத் தண்ணிய இந்தப் பக்கம் தள்ளும்மா.”

தண்ணீரை ஓரகத்திதான் தள்ளினாள்.

மே 26, திங்கள்

மறுபடி நானே ஒரு வீடியோ. இந்த முறை ஒரே விஷயம்: மாத்திரை தீர இரண்டு நாள் இருக்கும்போதே வருகிற நினைவூட்டல். போன வாரம் மாடிப்படியில் அவளை நிறுத்திக் காட்டினேன். அவள் எதிர்க் கம்பெனி ஆள். சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டு தடவை பார்த்தாள். “அந்த நினைவூட்டல் வர்றதுக்கு முன்னாடி அரை செகண்ட் நிக்கட்டும்க்கா. பாக்கறவங்க பயப்பட நேரம் வேணும்.”

நிறுத்தினேன். மூன்று நாளாகத் தினம் நூற்றுப் பன்னிரண்டு என்றால் எனக்குப் போதும் என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

அவளுடைய கம்பெனி வீடியோ வெளியாகி ஒரு வாரம். இன்றைக்குத்தான் பார்க்கத் தைரியம் வந்தது. சத்தத்தை அணைத்துவிட்டு ஏழு தடவை பார்த்தேன். ஒரு குறை சொல்லலாமா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

ஊருக்குப் போயிருந்தவளுக்குப் போன் போட்டேன்.

“உன் வீடியோ பாத்தேன்.”

“எப்படிக்கா இருக்கு?”

“வயிறு எரியுதுடி.”

அங்கே அரை செகண்ட் நிறுத்தம். பிறகு அவள் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

“இத்தனை பேர் பாராட்டினாங்க, யாரும் இப்படிச் சொல்லலக்கா” என்றாள்.