மிளகுச்சாக்கு நாய்க்கட்டில்

நாய்க்குக் கட்டில் வாங்குகிற இந்தக் கொச்சி நகரத்துக்கு, அதைத் தைத்தவள் செத்த பிறகுதான் அவள் முகம் தேவைப்படுகிறது. நான் மிகைப்படுத்தவில்லை. உன் உடலை எடுத்துக்கொண்டு போன அன்று சாயங்காலமே உன் போட்டோ கேட்டு எனக்குப் போன் வந்தது.

கோபமாகத் தொடங்கிவிட்டேன். உண்மையில் இன்று எனக்கு நல்ல நாள். காலையில் கடைசிப் பார்சல்களும் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டன. முன்பணம் கட்டிக் காத்திருந்தவர்களுக்கெல்லாம் அவரவர் கட்டில் போய்ச் சேர்ந்துவிடும். வெகு நாளைக்குப் பிறகு குடோனின் தரை தெரிகிறது. கூட்டும்போது மேசைக்கு அடியில் நாம் முதன்முதலில் செய்த மாதிரி கிடைத்தது. ஒரு மூலையில் உன் தையல் கோணிக்கொண்டு போயிருக்கும், அதேதான். எடுத்து மூக்கருகே வைத்து மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. வாசலில் படுத்திருந்த தெருநாய் மட்டும் எழுந்து, தொடர்ந்து தும்மிவிட்டு, எதிர்ச்சுவர் ஓரமாய்ப் போய்ப் படுத்துக்கொண்டது. நீ இருந்திருந்தால் அதை வைதிருப்பாய். நான் சிரித்தேன்.

இதெல்லாம் தொடங்கியபோது நான் காக்கநாட்டில் ஒரு செல்லப்பிராணிக் கடையில் நாய் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். மட்டாஞ்சேரியிலிருந்து பஸ் மாறிப் போய், அடுக்குமாடி வீட்டு நாய்களுக்கு ஷாம்பு போட்டு, நகம் வெட்டி, முடி உலர்த்தி அனுப்புகிற வேலை. மழைக்காலம் வந்தால் எல்லா நாய்க்கும் ஒரே கதை. ஸ்பாஞ்சு மெத்தை ஊறிப் பூஞ்சை பிடிக்கும். நாய்க்குத் தோலில் தடிப்பு வரும். மருந்தும் எங்கள் கடையில்தான், புது மெத்தையும் எங்கள் கடையில்தான். மழை இல்லாத ஊருக்காகச் செய்த மெத்தையை இங்கே கொண்டுவந்து விற்கிறார்களே என்று உன்னிடம் புலம்பினேன். நீ பள்ளிக்கூடப் பை தைக்கும் கூடத்தில் பீஸ் கணக்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாய். சாயாவை ஆற்றியபடியே சொன்னாய்:

"சாக்கை நாலு கட்டையில இழுத்துக் கட்டுடி. கீழ காத்து போவட்டும். ஊறுனா கழட்டித் தொவைக்கட்டும். இதுக்கு எதுக்கு மெத்தை?"

சாக்குக்கு நமக்கு என்ன பஞ்சம்? என் அத்தா இந்த மட்டாஞ்சேரி பஜாரில் பழைய சாக்கு வாங்கி, கிழிசல் தைத்து விற்பவர். அவர் குடோனின் ஒரு மூலையைக் கேட்டோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாய்க்குக் கட்டிலா? நானே தரையிலதாம்மா படுக்கறேன்."

"அதுக்கென்ன மாமா, உங்களுக்கும் ஒண்ணு தைச்சிருவோம். பெரிய சைஸ்ல" என்றாய். அவர் சிரித்த சிரிப்பில் மூலை கிடைத்தது. நாயைத் தொட்ட கையோடு வீட்டுக்குள் நுழைகிறாள் என்று முகம் சுளித்த சொந்தக்காரர்களையும் அவரே பார்த்துக்கொண்டார்.

கட்டில் ஒன்று, பூனைக்குத் தொட்டில் ஒன்று, குடைத்துணியில் நாய்க்கு மழைக்கோட்டு ஒன்று. மூன்று சாமான்கள் போதும் என்று நீதான் நிறுத்தினாய். என்னை விட்டிருந்தால் மீனுக்கும் ஏதாவது தைத்திருப்பேன்.

முதல் கட்டில்களை என் கடைக்கு வரும் சிலரிடம் சோதித்துப் பார்க்கக் கொடுத்தோம். ஒரு சேச்சி மறுநாளே கூப்பிட்டார். "மோளே, இதுல என்ன பொடி போட்டீங்க? எங்க மோன் தும்மித் தும்மித் தளர்ந்துபோயிட்டான்." மோன், அதாவது மகன், என்றது அவருடைய லாப்ரடார் நாயை. அடுத்தடுத்து எல்லாக் கட்டில்களும் திரும்பி வந்தன. நாம் இருவரும் சாக்கில் முகத்தைப் புதைத்து மோந்து பார்த்தோம்.

"ஒண்ணும் மணக்கலையேடி."

"எனக்கும் இல்லை. பணக்கார நாய், நம்ம சாக்கு ஒத்துக்கலை" என்றேன். அன்றைக்கு எனக்கு எல்லாவற்றுக்கும் இந்த ஒரே விளக்கம்தான்.

நீ வாசலில் கிடந்த தெருநாயைப் பிஸ்கட் காட்டிக் கூப்பிட்டுக் கட்டிலில் ஏற்றினாய். நான் போனில் வீடியோ எடுத்தேன். அது படுத்தது, தும்மியது, நம்மைப் பார்த்தது, மறுபடியும் தும்மியது. "எடீ, இது நடிக்குது! காக்கநாட்டு நாய்ங்க சொல்லிக் கொடுத்து அனுப்பிருக்கு!" என்று நீ சிரித்த சிரிப்பில் பிஸ்கட் பாக்கெட்டே கீழே கொட்டியது. நாய் தும்மலை விட்டுவிட்டு அதைத் தின்னப் போனது.

அதற்குப் பிறகுதான் உறைத்தது. அந்தச் சாக்குகளெல்லாம் மிளகும் சுக்கும் சுமந்தவை. நாம் பிறந்து வளர்ந்தது இந்த மசாலா மண்டித் தெருவில். மிளகு நமக்குக் காற்று மாதிரி, மணமே இல்லை. நாய் படுக்கப் படுக்க இழையிலிருந்து தூள் கிளம்பியிருக்கிறது. வேறு எந்த ஊர்க்காரியும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள்.

சாக்கைத் தட்டி, துவைத்து, வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் போட்டோம். மணம் போனதா என்று பார்க்க நம்மிடம் மூக்கு இல்லை. அதனால் போர்ட் கொச்சி படகுத்துறையில் வரிசையில் நின்றவர்களிடம் சாக்குத் துண்டை நீட்டினாய். "சேட்டா, ஒரு தடவை மோந்து பாத்துச் சொல்லுங்க." ஒருவர் பின்வாங்கி, "இது போலீஸ் கேஸ் ஆகிற சாமானா?" என்றார். "இல்லை சேட்டா, நாய் படுக்கிற சாமான்" என்றாய். அவர் இன்னும் பின்வாங்கினார். ஆனால் மோந்து பார்த்தவர்களும் இருந்தார்கள். "மிளகு இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ஒருநாள் "ஈரச் சாக்கு, வேற ஒண்ணும் இல்லை" என்றார்கள். அன்று நாம் படகில் ஏறி எதிர்க்கரை வைப்பினுக்குச் சும்மா போய்விட்டுத் திரும்பினோம்.

நிறையச் செய்யப் பணம் வேண்டும். வங்கியில் சொத்துப் பத்திரம் கேட்டார்கள். சொத்து இருந்தால் நான் ஏன் நாய் குளிப்பாட்டுகிறேன்? அதனால்தான் கிரௌட் ஃபண்டிங் என்று ஆன்லைனில் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டும் ஒரு தளத்துக்குப் போனோம். கெடுவுக்குள் இலக்கைத் தொட்டால் பணம் நமக்கு. தொடாவிட்டால் எல்லாம் கொடுத்தவர்களுக்கே திரும்பிப் போய்விடும். அந்தத் தளத்திலிருந்து வந்த பையன் நல்லவன்தான், மரியாதையாகத்தான் பேசினான். கட்டிலைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"பிராடக்ட் ஓகே. உங்க ஸ்டோரி வேணும். அந்தக் கால்வாய்ப் பக்கம் ரெண்டு பேரும் நில்லுங்க. சிரிக்க வேண்டாம்."

நீ கேட்டாய்: "நாய் எங்க வீட்டுலயா சேட்டா படுக்கப் போவுது?"

அவனுக்குப் புரியவில்லை. "எங்க மூஞ்சியைப் பாத்துப் பாவப்பட்டு யாரும் வாங்க வேண்டாம். தையலைப் பாத்து வாங்கட்டும். பிரிஞ்சா எங்களைத் திட்டட்டும்" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய். தளத்தில் நம் பக்கத்தில் கட்டில் படம் மட்டும் போனது. பணம் சொட்டுச் சொட்டாய் வந்து பாதியில் நின்றது.

அப்புறம் ஆடியில் கர்க்கடக மழை. கால்வாய்த் தண்ணீர் குடோனுக்குள் ஏறியபோது துவைத்து வைத்த சாக்குகளையெல்லாம் நாம் இருவரும் மேசைமேல் தூக்கிப் போட்டோம். உன் குதிகால் வெடிப்பு அந்தத் தண்ணீரில்தான் ஊறியது. காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு நீ வேலைக்கு வந்தாய். எலிக்காய்ச்சல் என்று தெரிந்தபோது சிறுநீரகம் நின்றுபோயிருந்தது. பேப்பரில் காய்ச்சலுக்கு இளம்பெண் பலி என்று ஒரு வரி வந்தது. மழை எல்லோருக்கும் பெய்யும்போது சாக்கடை மட்டும் ஏன் நம் சந்துக்குள் வருகிறது என்று அந்த வரியில் இல்லை. அடுக்குமாடியில் வளரும் நாய்கூட அந்தத் தண்ணீரில் கால் வைக்காது. உன்னைக் காய்ச்சல் கொன்றது என்று யாராவது என்னிடம் சொன்னால் எனக்கு இன்னமும் கை துறுதுறுக்கிறது.

உன்னை எடுத்துப் போன அன்று சாயங்காலம் வந்த போன் அந்தப் பையனுடையது. குரல் தழுதழுத்திருந்தது, அதை நான் நம்புகிறேன். "இப்பச் சொல்றது தப்புதான். ஆனா அவங்க போட்டோ வச்சு, கடைசி ஆசைன்னு எழுதினா, நாளைக்கே இலக்கு முடிஞ்சிடும். இல்லைன்னா எல்லாம் திரும்பிப் போயிடும்." அவன் சொன்ன கணக்கு தப்பில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

போர்ட் கொச்சி ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை பார்த்துவந்த உன் அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். இந்தக் கட்டில் வேலை நிலைத்தால் அவரையும் தையலுக்குக் கூட்டிவந்துவிடுவதாக நீ சொல்லியிருந்தாய் அல்லவா. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ மூஞ்சிய வச்சாத்தான் நடக்கும்னா வச்சுக்கோ கண்ணு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

யார் சரி சொல்லக் கூடாதோ அவரே சரி சொல்லிவிட்டார். நான் உன் படத்தைத் தேடத்தான் போனைத் திறந்தேன். எந்தப் படத்திலும் நீ பாவமாக இல்லை. ஒன்றில் நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தாய். ஒன்றில் என் துப்பட்டாவை நாய்க்குக் கட்டிவிட்டிருந்தாய். தள்ளிக்கொண்டே போனபோது அந்தத் தும்மல் வீடியோ வந்தது. அதில் உன் முகம் இல்லை. சாக்கு, நாய், உன் கை, நம் இரண்டு பேருடைய குரல், பிறகு உன் சிரிப்பு.

அதை ஏற்றினேன். கீழே எழுதினேன்: "எங்கள் தெருக்காரர்களுக்கு மிளகு மணக்காது. அதனால் முதல் கட்டிலில் தப்புச் செய்தோம். இப்போது எங்கள் நாய் தும்மவில்லை. உங்கள் நாய் தும்மினால் திருப்பி அனுப்புங்கள், பணம் தருகிறோம்." இரண்டு பேரில் ஒருத்தி செத்துவிட்டாள் என்று எழுதவில்லை.

அந்தப் பையன் கூப்பிட்டான். "சேச்சி, குறையை யாராவது விளம்பரமாப் போடுவாங்களா?"

"நாங்க போடுவோம்" என்றேன். நாங்கள் என்று சொன்னது பழக்கத்தில் வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பு எங்கெங்கோ போனது. களமசேரிக் கல்லூரி விடுதிப் பெண்கள் தங்கள் வளாகத்துப் பூனை தும்முவதைப் படம் பிடித்துப் போட்டார்கள். ஊர்ஊராய் நாய்கள் தும்மும் வீடியோக்கள் வந்தன. லாப்ரடார் சேச்சி தன் மோன் தும்மிய கதையைத் தானே எழுதி, கையோடு இரண்டு கட்டிலுக்குப் பணம் கட்டினார். கெடு முடிவதற்கு முன்பே இலக்கு தாண்டியது. அத்தா படிக்கத் தெரியாத எண்ணைப் பார்ப்பதுபோல் என் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாக்கு அடுக்கின்மேல் மல்லாந்து படுத்தேன். மாதக்கணக்கில் இறுகிக் கிடந்த தோள் அன்றுதான் இறங்கியது. பணம் வந்துவிட்டது என்பதுகூடப் பெரிதாய்த் தெரியவில்லை. உன்னைக் கால்வாய் ஓரம் நிறுத்தாமல் வந்ததே, அதுதான் எனக்குப் போதுமாக இருந்தது.

உன் அம்மா இப்போது உன் மெஷினில் உட்காருகிறார். உன்னைவிட நேராகத் தைக்கிறார். கோபித்துக்கொள்ளாதே. நான் நாய் குளிப்பாட்டப் போவதில்லை. யாராவது "உங்கள் கதை என்ன?" என்று கேட்டால் கட்டிலின் நீள அகலத்தைச் சொல்கிறேன். அது உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது, இனிப் போகாது.

வாங்கியவர்கள் யாருக்கும் நீ இல்லை என்று தெரியாது. அவர்களுக்கு நீ மட்டாஞ்சேரியில் ஒரு குடோனில் இருக்கிறாய், நாயைத் திட்டிக்கொண்டு, மிளகு மணக்காமல். சில நாள் எனக்கும் அது வசதியாக இருக்கிறது.

ஆனால் லாப்ரடார் சேச்சி இன்று மத்தியானம் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் பேர் சேர்ந்து அவரவர் நாயோடு குடோனுக்கு வருகிறார்களாம். அல்வா வாங்கி வருவாராம். "அந்தச் சிரிக்கிற பெண்குட்டியை நான் ஒண்ணு நேர்ல பார்க்கணும், மோளே" என்றார். ஞாயிற்றுக்கிழமை என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் அவர் முகம் மாறும். அடுத்த நிமிஷம் உன் சிரிப்பு பாவப்பட்ட சிரிப்பாகிவிடும். சொல்லாவிட்டால் உன் அம்மா அங்கேயே மெஷினில் உட்கார்ந்திருப்பார், தன் மகள் ஊருக்குப் போயிருக்கிறாள் என்று நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டு. எது வேண்டும் உனக்கு? எல்லாவற்றுக்கும் டக்கென்று ஒரு பதில் வைத்திருப்பாயே. ஞாயிற்றுக்கிழமை அவர் வாசலில் வந்து நின்று, அவள் எங்கே என்று கேட்பார். நான் என்ன சொல்ல? எடீ, சொல்லு.