மேனேஜர் இன்னும் கடிக்கிறதா?

ஜனவரி 9

அன்புள்ள பஞ்சு,

நீ கூடையோடு பஸ் ஏறிப் போனதும் வீட்டுக்கு வந்து முதல் வேலையாகப் பூனை முடியைப் பெருக்கினேன். சோபாவுக்கு அடியில், அலமாரிக்கு மேலே, என் மகனுடைய ஆபீஸ் சட்டைப் பைக்குள், எங்கே பார்த்தாலும் முடிதான். ஒரு பை நிறையச் சேர்ந்தது. கொட்ட மனசு வரவில்லை. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுக் கொட்டிவிட்டேன்.

போனில் பேசக் கூடாதா என்று கேட்டாய். போனில் நீ அழுவாய், நான் திட்டுவேன், விஷயம் ஒன்றும் நகராது. துணிக் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற மேசையில் பதினேழு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோமே, வாயைத் திறந்து எத்தனை நாள் பேசியிருப்போம்? சூப்பர்வைசர் கண்ணில் படாமல் துண்டுச் சீட்டு எழுதி, துணிக்கு அடியில் தள்ளித்தானே எல்லாம் பேசினோம். நமக்குக் காகிதம்தான் சரிப்படும்.

உன்னிடம் சொல்வதற்கென்ன. மேனேஜரைக் கண் திறக்காத குட்டியாகக் கம்பெனி வாசலில் எடுத்து, மருந்து ஊட்டுகிற குழாயில் பால் கொடுத்து வளர்த்தேன். நம் பழைய மேனேஜரின் மீசையும் உறுமலும் அப்படியே இருக்கிறது என்று நீதானே பேர் வைத்தாய்? ஆறு வருஷம். ஒரு நாள் என் மடியில் உட்கார்ந்தது கிடையாது. சிலிண்டர் போடுகிறவர், பக்கத்து வீட்டு டீச்சர், நான், எல்லாரையும் கடித்து முடித்துவிட்டுக் கடைசியில் என் மருமகளின் கணுக்காலில் வாயை வைத்தது. ஏழு மாத வயிற்றுக்காரி. "அதுவா நாங்களா, முடிவு பண்ணிக்கம்மா" என்று மகன் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான். நான் என்ன செய்யட்டும்?

உன் வீட்டுக்காரர் பக்கத்தில் மட்டும் அதை விடாதே. வாதம் வந்து பேச்சும் போய், வலது கையும் போய் உட்கார்ந்திருக்கிற மனுஷன். பகலில் தனியாக வேறு இருக்கிறார்.

கடித்ததா? எத்தனை தடவை? மறைக்காமல் எழுது.

உன்,
மிளகாய்


ஜனவரி 21

என் அருமை மிளகாய்க்கு,

நலம். நீ நலமா? மருமகளுக்குக் கால் வீக்கம் வடிந்ததா?

உடனே எழுதாததற்குத் திட்டாதே. இரண்டு வாரம் ஓவர்டைம் போட்டுக் கொன்றுவிட்டார்கள்.

மேனேஜர் மூன்று நாள் கட்டிலுக்கு அடியை விட்டு வரவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தை உள்ளே தள்ளிவிட்டு நான் பாட்டுக்கு இருந்தேன். நாலாம் நாள் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், அவர் மடியில் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ, இறக்கி விடுங்க"ன்னு கத்தினேன். அவர் என்னைப் பார்த்து முறைத்தார். வலது கை மடியில் சும்மா கிடக்குமே, அதன் மேல் தலையை வைத்துக்கொண்டு அது தூங்குகிறது. தினமும் இப்போது அதே கதைதான். நான் படி இறங்கியதும் ஏறினால், திரும்பி வரும்வரை இறங்குவதில்லையாம். பக்கத்து வீட்டம்மா சொன்னாள்.

இன்னொன்று கேள். அவர் "மே" என்கிறார்! எட்டு மாதமாக ஒரு சத்தம் வராத வாயிலிருந்து "மே, மே" என்று கூப்பிடுகிறார். உடற்பயிற்சி கொடுக்க வருகிற பெண், "இது எங்களால முடியலைங்க, உங்க பூனையால முடிஞ்சிருக்கு" என்றாள். நான் சமையலறைக்குள் போய் அழுதேன்.

கடிப்பதா? வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத ஜீவன்டி இது. நிஜமாகவே வைத்துப் பார்த்தேன். நக்கிவிட்டுப் போய்விட்டது! உனக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

என்றும் உன்,
பஞ்சு


ஜனவரி 28

பஞ்சு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ரொம்ப சந்தோஷம்.

ஆறு வருஷம் வளர்த்தவளுக்குப் பல்லைக் காட்டியது, ஆறு நாள் இருந்த இடத்தில் தலையணை போட்டுத் தூங்குகிறதாம். அப்படியென்றால் கெட்டது பூனை இல்லை, நான்தான். அதைத்தானே சுற்றி வளைத்து எழுதியிருக்கிறாய்? நேராகவே எழுதியிருக்கலாம்.

மேசையில் கிடந்த உன் கடிதத்தை மருமகள் எடுத்துப் படித்துவிட்டாள். "அப்ப உங்ககிட்டதான் ஏதோ கோளாறு அத்தை" என்று சிரித்தாள். மகனும் சேர்ந்து சிரித்தான். "பாப்பா பொறந்தா அம்மா கையில கொடுக்கறதுக்கு யோசிக்கணும் போலிருக்கே" என்றான். விளையாட்டுக்குத்தான் சொன்னான், எனக்குத் தெரியாதா? ஆனால் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்கிறேன், அப்படியே எழுந்துவிடுகிறேன்.

அது நடிக்கும். உனக்கு அதைத் தெரியாது, எனக்குத் தெரியும். இன்னும் நன்றாகக் கவனித்துப் பார். கவனித்த பிறகும் இதே மாதிரிதான் எழுதுவதாக இருந்தால், எழுதவே வேண்டாம்.

மிளகாய்


பிப்ரவரி 6

அன்புள்ள மிளகாய்க்கு,

முதலில் சாப்பிடு. வெறும் வயிற்றோடு இருந்தால் உனக்குத் தலை சுற்றும்.

நீ சொன்னதுதான் சரி. நான்தான் அவசரப்பட்டுப் புகழ்ந்துவிட்டேன், என் கண்ணே பட்டுவிட்டது. கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்த அன்றைக்கே என் மணிக்கட்டில் ஒரு கடி. துணி மடித்துக்கொண்டிருந்தேன், நான் அதற்கு என்ன செய்தேன் சொல்? மறுநாள் பால்காரர். அவர் இனிமேல் படி ஏறமாட்டேன், பாத்திரத்தை வாசலில் வையுங்கள் என்று சொல்லிவிட்டார். நேற்று ஜன்னல் திரையைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டது.

இதை வைத்துக்கொண்டு ஆறு வருஷம் எப்படித்தான் குடித்தனம் செய்தாயோ! உன் பொறுமை எனக்கு வராது. வேறு யாராக இருந்தாலும் முதல் மாதமே தெருவில் விட்டிருப்பார்கள்.

வேறு யார் என்ன சொன்னாலும் காதில் வாங்காதே. சாப்பிட்டாயா என்று எழுது.

என்றும் உன்,
பஞ்சு


பிப்ரவரி 13

என் கண்ணே பஞ்சு,

பாவம்டி நீ! மணிக்கட்டில் எந்தப் பக்கம்? ஆழமாகவா? படிக்கப் படிக்க எனக்குப் பதறிப்போய்விட்டது. அன்றைக்கு ராத்திரி இரண்டு தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டேன், போதுமா?

கடிதத்தை மருமகளுக்கு நானே உரக்கப் படித்துக் காட்டினேன். பால்காரர் இடம் வந்ததும் முகம் சுருங்கிப் போனாள். "நான் சும்மா சொன்னேன் அத்தை" என்று முணுமுணுத்தாள். நான் விடவில்லை. மாலையில் மகன் வந்ததும் இன்னொரு தடவை படித்தேன்.

ஆனால் ஒன்று கவனித்தேன். உன் வீட்டுக்காரரைப் பற்றி இந்தத் தடவை நீ ஒரு வரிகூட எழுதவில்லை. கடித்திருக்கிறது, நீ மறைக்கிறாய். எனக்கு வருத்தமாக இருக்கும் என்று மறைக்கிறாய். பதினேழு வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு இது தெரியாதா? எந்தக் கை, எவ்வளவு காயம், எல்லாம் எழுது. மருமகளும் கேட்கிறாள்.

இந்த மாதிரிப் பிராணியை டாக்டரிடம் கொண்டுபோய் ஓர் ஊசி போட்டுத் தூங்கவைத்துவிடுவதுதான் அதற்கும் நல்லது, மனுஷர்களுக்கும் நல்லது என்று டீச்சர் சொல்கிறார். நீ என்ன சொல்கிறாய்?

உன்,
மிளகாய்


பிப்ரவரி 24

அன்புள்ள மிளகாய்க்கு,

நீ இவ்வளவு கேட்கிறாய், சொல்லாமல் இருந்தால் கோபித்துக்கொள்வாய். ஆமாம், அவரையும் கடித்துவிட்டது. அந்த வலது கையைத்தான். இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, கத்தவும் முடியவில்லை, நான் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். சீழ் வைத்து, மருந்து போட்டு, இப்போது பரவாயில்லை. உன் மருமகளிடம் இதையும் சொல். உன் கையில் ஒரு குறையும் இல்லை என்று நான் சொன்னதாகச் சொல்.

ஆனால் ஊசி கீசியெல்லாம் வேண்டவே வேண்டாம். அந்தப் பேச்சையே எடுக்காதே. கடித்தாலும் கிழித்தாலும் எங்கள் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. நாங்கள் சமாளித்துக்கொள்கிறோம். நீ நிம்மதியாக இரு, பிரசவ வேலையைப் பார்.

என்றும் உன்,
பஞ்சு


மார்ச் 6

என் பஞ்சு,

உனக்கு ஒரு பாரம் இறங்கியிருக்கும். நேரில் சொல்ல நினைத்தேன், நீ வேலை விட்டு வருவதற்குள் கடைசி பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இழுத்துக்கொள்ள முடியாத கையைக் கடித்திருக்கிறது! நான் கொடுத்த சனியன்தானே? வேண்டாம் என்று நீ எழுதியது உன் குணம். கம்பெனியில் விரலில் ஊசி ஏறியபோதுகூட "ஒண்ணுமில்லை"ன்னு சீட்டு எழுதினவள் நீ. உன் வாயால் கேட்கமாட்டாய் என்று புதன்கிழமை காலை பஸ்ஸில் நானே வந்தேன்.

கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. அவர் மடியில் இருந்தது. என்னைப் பார்த்து ஓடவும் இல்லை. எடுத்துக் கூடையில் வைத்தேன். உன் வீட்டுக்காரர் கூடைப் பிடியை இடது கையால் பிடித்துக்கொண்டு "மே, மே" என்கிறார். பாவம், அவருக்கு என்ன புரியும்? ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டேன். அந்தக் கையில் என்ன பலம்டி அவருக்கு! கடிபட்ட கையையும் பார்த்தேன். தழும்பே இல்லை. நல்ல மருந்துதான் போட்டிருக்கிறாய்.

உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற மிருக ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தேன். மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. ஓடப்போகிறது என்று பிடிக்கப் போனேன். என் மடியில் ஏறிச் சுருண்டு படுத்துக்கொண்டது. கர்ர் கர்ரென்று ஒரே சத்தம். ஆறு வருஷத்தில் முதல் தடவை. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இத்தனை நாள் இந்த மடி உன் கண்ணுக்குத் தெரியவில்லையா என்று தலையில் ஒரு குட்டு வைத்தேன். அப்போதும் கடிக்கவில்லை.

டாக்டர் பார்த்துவிட்டு, "இதுவா கடிக்குதுங்கறீங்க? ரொம்ப சாதுவா இருக்கே, வேற வீடு பார்க்கலாமே" என்றார். உன்னிடம் பொய் சொல்லமாட்டேன், கூடையைக் கிட்டே இழுத்துக்கொண்டேன். தூக்கிக்கொண்டு திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். திரும்பிப் போய் மருமகள் முகத்தில் எப்படி விழிப்பது? பையிலிருந்து உன் கடிதங்களை எடுத்துக் கொடுத்தேன். கடைசி இரண்டு மட்டும், ஊசி வேண்டாம் என்று நீ எழுதிய பத்தியைப் பின்னால் மடித்து. முதல் கடிதம் அவருக்கு எதற்கு? டாக்டர் நின்றபடியே படித்தார். கையை இழுக்க முடியவில்லை என்ற இடத்தை மறுபடி படித்தார். அப்புறம் படிவத்தை எடுத்து நீட்டினார். தடுப்பூசிப் புத்தகம் என் பேரில்தானே இருக்கிறது, நானே கையெழுத்துப் போட்டேன்.

கஷ்டப்படவில்லை. என் மடியிலேயே முடிந்தது.

அவசரத்தில் உன் கடிதங்களை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். மருமகள், "நீங்க சொன்னது சரியாத்தான் இருந்திருக்கு அத்தை" என்றாள். இனி உன் வீட்டுக்காரரைப் பற்றி எனக்குப் பயம் இல்லை. பதில் எழுது.

உன்,
மிளகாய்


மார்ச் 15

மிளகாய்க்கு,

என்னை அது ஒரு நாளும் கடிக்கவில்லை. எங்களுக்குப் பால்காரரே கிடையாது, நான் வேலை முடிந்து வரும்போது கடையில் பால் வாங்கிக்கொண்டு வருகிறேன். இது உனக்கே தெரியும். ஜன்னலில் கிழிய என்ன இருக்கிறது, திரையே இல்லாத ஜன்னல். வந்தபோது பார்த்திருப்பாய்.

இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று எழுதினாய். உன்னைச் சாப்பிடவைக்க எழுதினேன். நீ சீட்டு தள்ளினால் நீ என்ன பதில் எதிர்பார்க்கிறாயோ அதைத்தான் பதினேழு வருஷமும் எழுதித் தள்ளியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் இதையும் எழுதிவிட்டேன். ஒரு பூனையின் மேல் பழி போட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி ஆள் மறுநாள் அந்தக் கடிதங்களைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். மேலே என் முகவரி இருந்ததாம். நான் வேலையில் இருந்தேன். வாங்கியவர் என் வீட்டுக்காரர். பேச்சுதான் போனது அவருக்கு, படிப்பு போகவில்லை. நான் வந்தபோது இரண்டு காகிதமும் அவர் மடியில் விரித்துக் கிடந்தன. அவர் கையை அது கடித்ததாக, சீழ் வைத்ததாக, அவர் பெண்டாட்டி தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறாள். என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

நான் ஊட்டினால் வாயைத் திறப்பதில்லை. பக்கத்து வீட்டம்மா ஊட்டினால் சாப்பிடுகிறார். "மே"யும் நின்றுவிட்டது. நான் உள்ளே வந்தால் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்கிறார். உடற்பயிற்சிக்கு வருகிற பெண், "கழுத்து நல்லா திரும்புதே, முன்னேற்றம்தான்" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

பொய் எழுதியவள் நான். அதை இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் நீ தழும்பைத் தேடினாய், இல்லை என்று கண்ணால் பார்த்தாய். மடியில் ஏறிப் படுத்ததைப் பார்த்தாய். வேறு வீடு பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டாய். முதல் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டாய். கெட்டது நீ இல்லை என்று உன் மருமகள் ஒரு வார்த்தை சொல்வதற்காக, உன்னிடம் முதன்முதலாக ஆசையாக வந்ததைப் பிடித்துக் கொடுத்தாய்.

உன்னைத் திட்டி இன்னும் இரண்டு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன்.

இதற்குப் பதில் எழுதாதே. எழுதினால் அழுது எழுதுவாய். சோறு இறங்கவில்லை என்பாய். எனக்கு மனசு இளகிவிடும். உனக்குப் பிடித்த மாதிரி மறுபடி எதையாவது எழுதிவிடுவேன்.

பஞ்சு