கன்னிமார் கல்லுக்கடியில் நீங்கள் வைத்த டப்பா

சண்டைக்கும் சமாதானத்துக்கும் எனக்கென்று இருந்த ஒரே ஆளான என் மாமாவுக்கு,

இதை உங்களுக்குத்தான் எழுதறேன். ஆனா நம்ம சுதா இதை அந்த டப்பா விளையாட்டுக்காரங்க கண்ணுல படற மாதிரி போடப் போறாளாம். புருஷனுக்குப் பொண்டாட்டி எழுதறதை ஊரே படிக்கறதாடின்னு கேட்டேன். "அப்பா இன்னும் இருக்காருன்னு நெனச்சுத்தான் எல்லாரும் அவருக்கு நன்றி எழுதறாங்க. யாராவது சொல்ல வேண்டாமாம்மா"ன்னா. அதுவும் நியாயந்தானுங்க. பெங்களூர்லயிருந்து ஒரு ஜோடி வந்து, ஜேடர்பாளையத்துக்கிட்ட நீங்க ஒளிச்ச டப்பாவை எடுத்துட்டு, "சார், அருமையான இடம், நீங்க நல்லா இருக்கணும்"னு எழுதியிருக்குதுங்க. அதைப் படிச்ச அன்னிக்கு நான் சோறே ஆக்கலை.

படிக்கிறவங்களுக்கும் புரியணுமில்ல, அதனால நமக்குத் தெரிஞ்ச கதையையே கொஞ்சம் சொல்லிக்கறேன், பொறுத்துக்குங்க. நீங்க திருச்செங்கோட்டு ரிக் வண்டியில போர் போடப் போன ஆளு. வடக்கே எந்தக் காட்டுல இருக்கீங்கன்னு எனக்கே பாதி நாள் தெரியாது. தீபாவளிக்கு வந்தா பொங்கலுக்கு இருக்க மாட்டீங்க. கடைசியில வேலையை விட்டுட்டு ஊட்டோட வந்து உக்காந்தப்ப, ரெண்டு பேருக்கும் பேசறதுக்கு என்ன இருக்குன்னே தெரியலை. ரிமோட்டுக்குத்தான் சண்டை போட்டுக்கிட்டோம்.

அப்பத்தான் சுதா பிரசவத்துக்கு நாம ரெண்டு பேரும் ஆஸ்திரேலியா போனது. அங்க ஆத்தோரமா, காட்டுக்குள்ள நடக்கறதுக்குன்னே ஒரு தடம். மாப்பிள்ளை போனைப் பாத்துக்கிட்டே போய், ஒரு மரப்பொந்துக்குள்ள கையை விட்டு ஒரு டப்பாவை எடுத்தார். உலகம் பூரா இப்படி டப்பாவை ஒளிச்சு வெச்சு, இடத்தை மட்டும் போன்ல குறிச்சு விடுவாங்களாம். தேடிக் கண்டுபிடிச்சவங்க உள்ள இருக்கற சீட்டுல பேர் எழுதிட்டு, எடுத்த மாதிரியே திருப்பி வெச்சிரணுமாம். உள்ள கிடக்கற சின்னச் சாமான் ஏதாவது பிடிச்சிருந்தா எடுத்துக்கலாம், அதுக்கு ஈடா நம்ம கையில இருக்கற ஒண்ணைப் போடணும். "இது என்ன பொழப்பத்த வேலை"ன்னேன் நான். நீங்க அந்த டப்பாவைக் கீழ வெக்காம திருப்பித் திருப்பிப் பாத்தீங்க. "பூமிக்கடியில தண்ணி இருக்குதான்னு தேடியே காலம் போச்சு. இது மேலயே இருக்குது, தேடறதுக்கென்ன"ன்னீங்க.

ஊருக்கு வந்த வாரமே ஊறுகாய் டப்பாவெல்லாம் காலியாச்சு. பச்சைப் பெயின்ட் அடிச்சு, காயறதுக்கு முருங்கை மரத்துல கட்டித் தொங்க விட்டீங்க. வாசல்ல போனவங்க எல்லாம் என்னங்க, காத்துக் கருப்புக்குக் கட்டினதான்னு கேட்டாங்க. எனக்கு மானமே போச்சு.

ஆனா காவேரிக் கரையில உங்களோட நடந்ததுல எனக்கு எந்தக் குறையும் இல்லைங்க. ஒரு பக்கம் சீமைக்கருவேலம், ஒரு பக்கம் நாணல், நடுவுல ஆடு போற அகலத்துக்கு ஒரு தடம். நீங்க முன்னால, நான் பின்னால. நான் அப்பப்ப நின்னுக்குவேன். அதோ பாருங்க மீன்கொத்தின்னு சொல்லுவேன், கொக்குன்னு சொல்லுவேன். நீங்களும் நின்னு, எங்க புள்ள, எங்கன்னு தேடுவீங்க. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நாம சேர்ந்து நடந்ததெல்லாம் அந்தத் தடத்துல மட்டுந்தான்.

போன வருஷம் ஆனிக் கடைசியில ஒரு நாள் தனியாப் போயிட்டு வந்தீங்க. கால் பூரா சேறு. "ஏம்புள்ள, ஒரு டப்பா உனக்குன்னே வெச்சுட்டு வந்திருக்கறேன். ஊருக்குச் சொல்லலை. உன்ற போன்ல மட்டும் எடத்தைக் குறிச்சிருக்கறேன். நீயாப் போய் எடு. நா கூட வர மாட்டேன்"ன்னு சொன்னீங்க. என்ன வெச்சிருக்கீங்கன்னு கேட்டதுக்கு, போய்ப் பாருன்னு ஒரு சிரிப்பு. "என்ன இருக்கப் போவுது, நட்டு போல்ட்டு இருக்கும்"னேன். அதுக்கும் சிரிச்சீங்க.

அந்த ஞாயித்துக்கிழமை போலாம்னு இருந்தேன். அதுக்குள்ள உங்களுக்கு நெஞ்சை அடைச்சுது. ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குப் போற வழியில, பள்ளிபாளையத்துப் பாலம் தாண்டறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. கீழ காவேரி ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. நான் அதைப் பாக்கலை, உங்க மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.

அதுக்கப்புறம் போன்ல அந்தப் புள்ளியைத் திறந்து பாக்கறதும் மூடறதுமா மாசம் ஓடிருச்சு. வருஷத் திதி கழிஞ்சு சுதா வரட்டும், அவளோட போலாம்னு இருந்தேன். இந்த ஆனியில என்னடான்னா மேட்டூர்ல தண்ணி ஏறிக்கிட்டே போவுது, எப்ப வேணும்னாலும் தொறப்பாங்க, கரையோரம் போகாதீங்கன்னு டிவியில சொல்றாங்க. நீங்க குறிச்ச இடமோ தடத்துக்கும் கீழ, ஆத்தை ஒட்டி. தண்ணி வந்தா டப்பா மோகனூர் தாண்டிப் போயிரும். நீங்க எனக்குன்னு கடைசியா வெச்சது என்னன்னு தெரியாமயே நான் காலத்தைத் தள்ளணுமா? மறுநாள் காலையில பஸ் ஏறிட்டேனுங்க. சுதாகிட்டக் கூடச் சொல்லலை.

தடம் ரெண்டு பக்கமும் முள் அடைச்சுக் கிடந்துச்சு. போன்ல அம்புக்குறி காட்டின பக்கமெல்லாம் போனேன். ஒரு பெரிய மருத மரத்தடிக்கு வந்ததும் அது பைத்தியம் பிடிச்ச மாதிரி சுத்த ஆரம்பிச்சிருச்சு. கடைசிப் பத்தடிக்குப் போன் உதவாது, கண்ணுதான் தேடணும்னு சொல்லுவீங்களே. போனைப் பைக்குள்ள போட்டுட்டுக் கண்ணால தேடினேன். மரத்துக்குக் கீழ, மணல் முடியற இடத்துல இருந்துச்சு.

ஆனா மாமா, அங்க இருந்தது நீங்க வெச்சுட்டுப் போனது இல்லைங்க. ஏழு கல்லு. ஏழுக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வெச்சு, மேல ஒரு சிவப்புத் துணியைச் சாத்தி, முன்னால எண்ணெய் காயாத அகல் விளக்கு.

நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை, மத்தவங்களுக்காகச் சொல்றேன். ஆடிப் பதினெட்டுக்கு ஆத்துக்கு வர்ற பொம்பளைங்க, கரையில ஏழு கல்லை வெச்சு மஞ்சளைப் பூசிக் கன்னிமார்னு கும்பிடுவோம். நீங்க டப்பாவை ஆடு மாடு உருட்டாம இருக்கட்டும்னு கரையில கிடந்த பெரிய கல்லையெல்லாம் உருட்டி மேல அடுக்கியிருக்கீங்க. அது ஏழாப் போயிருச்சு. போன ஆடிப் பதினெட்டுக்கு வந்த யாரோ, ஆஹா, கன்னிமாரு தயாரா இருக்காங்கன்னு மஞ்சளைப் பூசிட்டாங்க. எட்டாவதா ஒண்ணை வெச்சிருக்கக் கூடாதுங்களா? எண்ணிப் பாத்து ஒரு வேலை செஞ்ச ஆளா நீங்க?

சிரிப்பு வந்துச்சு. அடுத்த நொடியே நீட்டின கையை இழுத்துக்கிட்டேன். எழவு விழுந்த ஊட்டுக்காரி, வருஷம் திரும்பற வரைக்கும் கோயில் படி ஏறக் கூடாது, சாமியைத் தொடக் கூடாது. திருச்செங்கோட்டு மலையையே இந்த வருஷம் நான் கீழ நின்னுதான் கும்பிட்டேன். இப்ப அந்தக் கல்லுக்கடியில நீங்க எனக்குன்னு வெச்சது இருக்குது. மேல கன்னிமார் இருக்காங்க. தொடவும் முடியலை, திரும்பிப் போகவும் கால் வரலை. உங்க மேலதான் கோவம் வந்துச்சு. ஒரு டப்பாவை ஊட்டு அலமாரியில வெச்சிருந்தா ஆகாதான்னு சத்தமாவே கேட்டேன்.

"ஏனுங்க, யாருங்க அது? கன்னிமாருகிட்ட என்ன பேச்சு?"

ஆடு மேய்க்கற பொம்பளை ஒருத்தி. கையில கம்பு. என் வயசுதான் இருக்கும். பேரு பாவாயின்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. மறைச்சுப் பேச எனக்குத் தெம்பில்லை. உள்ளதை உள்ளபடியே சொல்லிட்டேன். என்ற ஊட்டுக்காரர் எனக்குன்னு ஒரு டப்பா ஒளிச்சு வெச்சாரு, அது மேல அடுக்கின கல்லுதான் இது, அவரு இப்ப இல்லைன்னேன்.

அவ கம்பைக் கீழ போட்டுட்டு அப்படியே உக்காந்துட்டா. "அப்ப நா இத்தன நாளா வெளக்குப் போட்டது ஊறுகா டப்பாவுக்குங்களா?"

அவ மகன் சத்தீஸ்கர் பக்கம் வேலைக்குப் போய், மாசக்கணக்கா போனே இல்லையாம். இந்தக் கன்னிமாருக்குத்தான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை விளக்குப் போடறேன்னு வேண்டியிருக்கா. பையன் போன் பண்ணிட்டான். அன்னியிலிருந்து ஒரு வெள்ளி தவறலையாம். அப்படிப்பட்டவகிட்டப் போய் இதை நான் சொல்லியிருக்க வேண்டாமேன்னு ஆயிருச்சுங்க. "நான் ஒண்ணும் எடுக்கலைங்க. நீங்க கும்புடுங்க, நான் போறேன்"னு திரும்பினேன்.

"நில்லுங்க. உங்க ஊட்டுக்காரரு என்ன வேலை பாத்தாரு?"

"ரிக்குலங்க."

"எம்பையனும் ரிக்குக்குத்தானுங்க போயிருக்கறான்" அப்படின்னா. ஆத்துப் பக்கம் திரும்பினா. அப்புறம் தோள் குலுங்குச்சு. அழறாளோன்னு பயந்து பக்கத்துல போனா, சிரிக்கறாளுங்க. "ரிக்குக்காரரு அடுக்குன கன்னிமாரு, ரிக்குக்குப் போன பையனைக் கண்டுபுடிச்சுக் குடுத்துருச்சு. யாரு அடுக்குனா என்னங்க, நா கேட்டது கெடச்சுது. எடுங்க."

"இன்னும் வருஷம் திரும்பலைங்க. நான் தொடக் கூடாது."

"மொதக் கை வெச்சது யாரு? உங்க ஊட்டுக்காரரு. அப்ப இதுக்குப் பூசாரி அவருதானுங்க. பூசாரி ஊட்டம்மா தொட்டா கன்னிமாரு மூஞ்சியத் திருப்பிக்குமா? தண்ணி வேற வரப் போவுது, மேட்டுக்கு ஏத்தோணும். ஒத்தையாளாத் தூக்க முடியாமத்தான் நா பாத்துக்கிட்டு இருந்தேன். புடிங்க சாமி, ஒரு பக்கம்."

பிடிச்சேனுங்க. ஒவ்வொரு கல்லா ரெண்டு பேரும் தூக்கி மருத மரத்து வேர் மேட்டுல வெச்சோம். கை பூரா மஞ்சள். நீங்க போன பிறகு என் கையில மஞ்சள் பட்டது அன்னிக்குத்தான். கடைசிக் கல்லை எடுத்ததும் உங்க பச்சை டப்பா, ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகாம அப்படியே இருந்துச்சு. மூடியைத் திறக்க எனக்குக் கை வரலை. பாவாயிதான் திருகிக் குடுத்தா.

உள்ள பேர் எழுதற வெள்ளைச் சீட்டு, ஒரு பென்சில். அப்புறம் மருந்துக் கடையில விக்கற முட்டிப் பட்டை ஒரு ஜோடி. என்ற அளவு.

தெரியுமாங்க உங்களுக்கு? எல்லாமே தெரியுமா? மீன்கொத்தி இல்லாத இடத்துல நான் மீன்கொத்தி காட்டினது, முட்டி வலியில நின்னது, வலின்னு சொன்னா நடைக்குக் கூட்டிட்டுப் போக மாட்டீங்கன்னு மறைச்சது. தெரிஞ்சுமா ஒவ்வொரு தடவையும் எங்க புள்ள, எங்கன்னு அண்ணாந்து தேடினீங்க? இவ்வளவு தூரம் ஒத்தையா நடந்து வந்தா வலிக்கும், திரும்பிப் போறப்பப் போட்டுக்கட்டும்னு நெனச்சு வெச்சிருக்கீங்க. நகை நட்டு வெச்சிருந்தாக்கூட நான் இப்படி அழுதிருக்க மாட்டேன். அழுதேனுங்க. கருமாதிக்குக் கூட வராத அழுகை அது. பாவாயி என் காலை நீட்டி, ரெண்டு முட்டிக்கும் பட்டையைக் கட்டி விட்டா.

சீட்டுல முதல் வரியில என் பேரை எழுதினேன். எடுத்ததுக்கு ஈடா வெக்கணுமில்ல? கருமாதி அன்னிக்கு என் காலிலிருந்து கழட்டின மெட்டி, எங்க வெக்கறதுன்னு தெரியாம பர்ஸிலேயே கிடந்துச்சு. உண்டியல்ல போடுன்னாங்க, உருக்கிப் பேத்திக்குக் கொலுசு பண்ணுன்னாங்க. எதுக்கும் மனசு வரலை. டப்பாவுக்குள்ள போட்டு இறுக்கி மூடிட்டேன். மேட்டுல வெச்சு, மேல ஏழு கல்லையும் ரெண்டு பேருமா அடுக்கினோம். பாவாயி விளக்கைப் பத்த வெச்சா. புது இடத்தை நானே போன்ல குறிச்சுக்கிட்டேன். வலியில்லாம தடத்துக்கு ஏறி வந்தேன்.

நாலாம் நாள் தண்ணி வந்துச்சு. மருத மரத்து வேரைத் தொட்டுக்கிட்டுப் போவுது, மேட்டுக்கு ஏறலைன்னு பாவாயி போன் பண்ணினா.

மத்த டப்பாவுங்களைப் பத்திக் கவலைப்படாதீங்க. நனைஞ்ச சீட்டை மாத்தறது, மூடி உடைஞ்சா மாத்தறது, நன்றி எழுதற புள்ளைங்களுக்குப் பதில் போடறது, எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன். என்ற முட்டி இருக்கற வரைக்கும் டப்பா இருக்கற இடமெல்லாம் காட்டற அந்த மேப்புலயிருந்து உங்க பேர் அழியாது. இதைப் படிக்கற கண்ணுகளா, எல்லா டப்பாவையும் தேடுங்க, கன்னிமார் டப்பாவை மட்டும் தேடாதீங்க. பாவாயி கம்போட நிக்கறா.

அந்த இடம் என்ற போன்ல மட்டுந்தான் இருக்கும் மாமா. என் காலத்துக்கு அப்புறம் சுதா வந்து தேடி எடுக்கட்டும். எடுத்தா, நான் வெச்சதுக்கு ஈடா அவளும் ஒண்ணு வெக்கணும். வெக்கட்டும், பாக்கலாம்.

இப்படிக்கு,
உங்க அத்தை மக, உங்க ஊட்டுக்காரி
தங்கமணி