மூன்றாம் லயத்து அதிர்வு

1959 மார்ச் 3, செவ்வாய்

சனிக்கிழமை மஸ்கெலியாப் பக்கம் நிலம் அதிர்ந்ததாம். நான் ஹட்டனுக்கு வரும் பஸ்ஸில் இருந்தேன், ஒன்றும் தெரியவில்லை. ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் மூன்றாம் லயத்தின் பின்சுவர் வெடித்து, பன்னிரண்டு குடும்பங்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் கிடக்கின்றன. பூகம்பம் என்றால் லயத்தை மூடுவாராம் தோட்டத்தை நடத்தும் துரை. பக்கத்தில் கல்லுடைக்க வைத்த பாறை வெடி என்றால் எல்லாரும் திரும்பிப் போக வேண்டுமாம். பௌதிகம் கற்பிப்பவள் என்று என்னிடம் கேட்டு அனுப்பியிருக்கிறார். கொழும்பில் அதிர்வுப் பதிவுகளைப் பார்க்கும் என் வகுப்புத் தோழி பூரணிக்கு எழுதினேன்.

மார்ச் 9

பூரணியிடமிருந்து பதிவுப் பிரதிகள் வந்தன. கொழும்பு ஒன்று, தென்னிந்தியா இரண்டு. அதிர்வு 3.42க்கு. தோட்டத்துப் பதிவுப் புத்தகத்தில் லயம் அதிர்ந்த நேரம் 4.12. அலை கொழும்புக்குப் போக அரை நிமிடம்கூட ஆகாது. ஆகவே இது வேறு, அது வேறு. பூகம்பம் அல்ல என்று துரைக்கு எழுதிவிட்டேன். இரக்கத்துக்காகக் கணக்கை வளைக்க முடியுமா?

மார்ச் 11

மூன்றாம் லயத்திலிருந்து ராக்காயி பஸ் ஏறி வந்தாள்.

"ஒங்க கடுதாசியாலதான் ஞாயித்துக்கெழம திரும்பிப் போகச் சொல்றாங்க, டீச்சரம்மா."

நேரம் பொருந்தவில்லை என்றேன்.

"எந்த நேரம்ங்க? தோட்டத்துக் கடிகாரம் அரை மணி முன்னால ஓடும். வெள்ளன பெரட்டுல பேர் குடுத்து வேலைக்கு நிக்கணும்ல? இம்புட்டுப் படிச்சவங்க, அத ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

ஹட்டனில் பதினொரு வருடமாக இருக்கிறேன். கேட்கவில்லையே – ஏன் கேட்கவில்லை?

மார்ச் 12

மறுபடி பார்த்தேன். கொழும்புத் தாளில் முதல் அலைக்கும் இரண்டாம் அலைக்கும் பத்து விநாடி. ஏறக்குறைய ஐம்பது மைல். தூரம் பொருந்துகிறது. வெடியென்றால் எல்லாப் பக்கமும் வெளியே தள்ளும். மூன்று தாளிலும் கோடு முதலில் மேலே கிளம்ப வேண்டும். இரண்டு மேலே, ஒன்று தெளிவாகக் கீழே. நிலத்தடிப் பாறை வழுக்கியிருக்கிறது; பூகம்பம்தான். ஆழம்? கடைசியில் நீண்ட, மெதுவான அலைகள், மேலாகத்தான் நடந்திருக்கிறது. எத்தனை மைல் என்று மூன்று தாளை வைத்துச் சொல்ல முடியாது. சொல்ல மாட்டேன். மீண்டும் அதிரலாம். அதிராமலும் போகலாம்.

மார்ச் 13

"என் முதல் கடிதம் தவறு." அந்த வரியை முதலில் எழுதி, துரையின் கையிலேயே கொடுத்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

யாரும் திரும்பிப் போகவில்லை.

ஏப்ரல் 4

இதுவரை மறுபடி அதிரவில்லை. இன்று லயத்தை இடித்தார்கள்; போயிருந்தேன். கடப்பாரை எடுத்துவர ஆள் போயிருந்த நேரத்தில், அந்த லயத்து ஆண்டியப்பன் சும்மா தோளைக் கொடுத்துத் தள்ளினான். பின்சுவர் முழுவதும் உள்ளே விழுந்தது.