கைமரத்தில் வெட்டிய ஏழு

பாசமுள்ள இராசு அண்ணைக்கு,

மரங்கள் இன்னும் சீவப்படவில்லை. விகாரையின் மரவேலைக்குப் பொறுப்பான மூத்த தச்சர் குணபால பாஸ் நேற்றுக் காலை தொலைபேசியில் சொன்னார். ஒருவர் சொன்னால் போதாது என்று தலைமைப் பிக்குவையும் அழைத்துக் கேட்டேன். அவரும் அதையே சொன்னார். கூரையிலிருந்து இறக்கிய கைமரங்கள் மண்டபத்துக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் கிடக்கின்றன. அவற்றின் நுனிகளில் உள்ள குறிகளை இதுவரை யாரும் தொடவில்லை.

எந்தக் குறிகள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பத்திரிகையில் இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும், என்னுடைய பிழையையும் சேர்த்து.

போர் முடிந்த அந்தக் கோடையில் இங்கே ஸ்காபரோவில் எங்கள் வாரப் பத்திரிகைக்கு வந்தீர்கள். கிச்சன் கபினெற் செய்யும் வேலைத்தலத்திலிருந்து நேரே வந்ததால் சேட்டில் மரத்தூள் இருந்தது. நாலு பக்கக் கட்டுரையும் ஒரு கறுப்பு வெள்ளைப் படமும் கொண்டுவந்தீர்கள். நாட்டை விட்டு வருவதற்கு முன், இளம் தச்சராக, கண்டிப் பக்கத்து மலையில் உள்ள பழைய பௌத்த விகாரை ஒன்றுக்குக் கூரை திருத்தப் போயிருக்கிறீர்கள். செதுக்கிய வேங்கைமரத் தூண்களுக்குப் பேர்போன இடம். ஓட்டைக் கழற்றியபோது கைமர நுனிகளில் தமிழ் இருந்தது. அந்தக் கூரையை ஏற்றிய கைகளில் தமிழ்க் கையும் உண்டு என்று எழுதியிருந்தீர்கள், எழுத்துகள் என்னவென்று விளக்காமலே.

நான் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். க, உ, எ, அ.

"இது என்ன சொல், அண்ணை? ஆளின்ர பேரோ, ஊரின்ர பேரோ?"

"உது சொல் இல்லை, தம்பி."

"சொல் இல்லையெண்டா ஆதாரமும் இல்லை. என்னெண்டு போடுறது?"

படத்தைத் திருப்பி வாங்கி உறைக்குள் வைத்தீர்கள். "நீர் பேப்பர்காரன். வாசிக்கத் தெரியும் எண்டு நினைச்சன்."

ஆதாரம் இல்லை என்பது பாதிக் காரணம்தான். மற்றப் பாதியை அன்று உங்களிடம் சொல்லவில்லை. எங்கள் சனம் கொடி பிடித்து வீதியில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து, ஊரில் யார் மிஞ்சினார்கள் என்று தொலைபேசியில் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த நேரத்தில் ஒரு விகாரையைப் பற்றி எழுத எனக்குத் துணிவு வரவில்லை. ஆதாரம் என்ற நல்ல சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஆறுதலாகத் திரும்பப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். பனிக்காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள்.

செத்தவீட்டுக் காரியங்கள் முடிந்தபின் உங்கள் மோர்னிங்சைட் வீட்டில் மலரக்கா அந்தப் படத்தை எடுத்து என் கையில் தந்தா. "இதை நான் வைச்சு என்ன செய்யிறது? போய்ப் பாரும். இருந்தா இருக்கெண்டு எழுதும். இல்லாட்டி என்ர மனுசன் பொய் சொன்னவர் எண்டு எழுதும். ரெண்டும் இல்லாமல் கிடக்கிறதுதான் எனக்குப் பிடிக்கேல்லை." உங்களுக்குத் தெரியும்தானே அவவின்ர வாய்.

இந்த வருசம் அந்த விகாரைக்குப் போனேன். அங்கே மறுபடியும் கூரை வேலை நடக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு மண்டபத்துக்குள் நின்று தூண்களைப் பார்த்தேன். ஒரு தூணில் யானையும் எருதும் ஒரே தலையைப் பங்குபோட்டு நிற்கின்றன. இடப்பக்கம் நின்றால் யானை, வலப்பக்கம் நின்றால் எருது. உளி போன தடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். அழகு, அண்ணை. இதை எழுதுவதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

வாசலில் மூன்று மொழியில் ஒரு பலகை. இந்த மண்டபம் முழுக்க முழுக்க அரசவைச் சிங்களக் கலைஞர்களின் கைவேலை என்கிறது. தமிழில் இருந்த இரண்டு வரியில் மூன்று எழுத்துப்பிழை.

பின்னால் கொட்டிலில்தான் குணபால பாஸைக் கண்டேன். அறுபது வயது இருக்கும், காதில் பென்சில். மாத்தளையில் ஒரு தமிழ்த் தச்சரோடு பல வருசம் வேலை செய்து தமிழ் பழகியவர், 'ஐயா' மட்டும் அவர் வாயில் சிங்கள 'மாத்தயா'தான். உங்கள் படத்தைக் காட்டினேன். சிரித்துக்கொண்டே ஒரு கைமரத்தைப் புரட்டினார். நுனியில் ஆழமாக வெட்டியிருந்தது.

"இது எ," என்றேன்.

"எ இல்லை, மாத்தயா. ஏழு."

"எ எண்டுதானே எழுதியிருக்கு?"

"ஐயோ! மாத்தயா தமிழ்தானே?" கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், நிலத்தில் கிடந்த உத்தரத்தைக் காட்டினார். கைமரம் வந்து இறங்கும் துளைக்குப் பக்கத்தில் அதே குறி. "இந்தா ஏழு மரம், இந்தா ஏழு ஓட்டை. மாறிப் போட்டா கூரை கோணல். மேல ஏத்துற ஆளுக்கு எழுதினது. மாத்தயாவுக்கு எழுதினது இல்லை."

பக்கத்தில் நின்றவர்களுக்கும் அதைச் சிங்களத்தில் சொன்னார். கொட்டில் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய?

தமிழ் இலக்கங்கள். ககரம் போல இருப்பது ஒன்று. உகரம் போல இருப்பது இரண்டு. எகரம் ஏழு, அகரம் எட்டு. பள்ளிக்கூடத்தில் ஒரு பக்கத்தில் பார்த்துவிட்டுக் கடந்துபோனது. அதன்பின் பஞ்சாங்கத்தைத் தவிர வேறெங்கும் கண்டதில்லை. இத்தனை வருசம் தமிழில் எழுதிப் பிழைத்தவனுக்குத் தமிழில் எட்டுவரை எண்ணத் தெரியவில்லை. ஒரு சிங்களத் தச்சர் சொல்லித்தர வேண்டியிருந்தது. சொல் இல்லை என்று நீங்கள் சொன்னது சரி. நான்தான் அடுத்த வசனத்தைக் கேட்காமல் உங்கள் வாயை அடைத்தேன். கேட்டிருந்தால் மட்டும் அன்று போட்டிருப்பேனா?

மூன்று நாள் இருந்து ஒவ்வொரு மரத்தையும் துளையையும் கொப்பியில் வரைந்தேன். நாலு மரங்களில் குறியைக் கறையான் தின்றுவிட்டது. அவற்றைத் தெரியாது என்றே குறித்திருக்கிறேன். மற்றவை எல்லாம் இலக்கங்கள்தான், வரிசை பிசகாமல் துளையோடு பொருந்துகின்றன. இந்தக் கைமரங்களை வெட்டியவர் தமிழில் எண்ணினார். அவர் எந்த ஊர், எப்போது வந்தார், எந்தச் சாமியைக் கும்பிட்டார் என்பதெல்லாம் மரத்தில் இல்லை. ஆகவே நானும் எழுதமாட்டேன். மரத்தில் இருப்பதை இல்லை என்று சொல்ல எவரையும் இனி விடவும் மாட்டேன்.

திருத்தவேலைக் குழுவின் அதிகாரிக்கு அவை பழுதுகள். நுனியைச் சீவி, பிசின் அடைத்து, நிறம் பூசுவதுதான் திட்டம் என்றார். தலைமைப் பிக்குவிடம் போனேன். "இலக்கம் யாரையும் கடிக்காது," என்றார் அவர். "ஆனால் குழுதான் தீர்மானிக்கும்." அங்கேயே இருந்து மூன்று மொழியிலும் குழுவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். சீவாதீர்கள், பலகையில் ஒரு வரி சேருங்கள் என்று. குழு கூடும்வரை வேலையை நிறுத்தச் சொன்னவர் பிக்குதான்.

ஸ்காபரோவுக்குத் திரும்பி வந்து, வோபர்னில் உள்ள தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். எங்கள் பத்திரிகையை ஒரு கிழமையும் தவறாமல் வாசிக்கிற அண்ணை ஒருவர் அங்கே இருந்தார்.

"என்ன, புத்தருக்குப் பூ வைச்சிட்டு வாறீரோ?"

"இல்லை அண்ணை. எண்ணிப்போட்டு வாறன்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "எங்கட சனத்தைச் சாகக் குடுத்திட்டு நிக்கிறம். நீர் அவங்கட கூரையை எண்ணுறீர்."

அவருடைய தங்கையின் குடும்பம் வன்னியில் முடிந்துபோனது. அப்படிக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. "அது எங்கட கூரையும்தான், அண்ணை," என்றேன். "அதைத்தான் சீவப் பாக்கிறாங்கள். நாங்களும் சேர்ந்து சீவிக் குடுக்கிறதோ?" அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

போர் முடிந்த மே மாதம் கழியட்டும், சனத்தின் மனம் ஆறட்டும் என்று பத்திரிகைக்குள்ளேயே சொல்கிறார்கள். ஒருமுறை நாள் பார்த்து உங்களை இழந்தேன். உங்கள் கட்டுரை இந்த இதழிலேயே, உங்கள் பெயரில், ஒரு சொல்லும் மாறாமல் வருகிறது. அதைப் போட மறுத்தது நான், என் காரணம் பிழை என்று கீழே என் பெயரில் ஒரு குறிப்பும் உண்டு. திட்டுகிறவர்கள் என்னைத் திட்டட்டும்.

குழு வருகிற போயாவுக்கு, முழுநிலா விடுமுறைக்கு, மறுநாள் கூடுகிறது. முடிவு அவர்களுக்குப் பின்னேரம், எங்களுக்குக் காலை, தெரியவரும் என்று பிக்கு சொல்லியிருக்கிறார். சீவுவார்களா, விடுவார்களா, பலகையில் அந்த வரியைச் சேர்ப்பார்களா, எனக்குத் தெரியாது. முதல் தொலைபேசி மலரக்காவுக்குத்தான், எந்த முடிவானாலும் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன். சீவத்தான் போகிறார்கள் என்றால் அன்றே பயணச்சீட்டு எடுத்து, அந்த மரங்களுக்கு முன்னால் போய் நிற்பேன். இது நான் உங்களுக்குத் தருகிற சொல்.

உங்கட தம்பி,
சந்திரன்
ஸ்காபரோ