தக்கையைத் தின்னும் திராவகம்

4 ஜூன் 1942, ஸ்ரீரங்கம்
பூமா இப்போதுதான் தூங்கினாள். கொல்லைக் கொட்டகையிலிருந்து இன்னும் அந்தக் கார நெடி. இவர் காலேஜ் வேலையை விட்டுவிட்டு, வெடியுப்பையும் கந்தகத் திராவகத்தையும் கண்ணாடி வாலையில் காய்ச்சி நைட்ரிக் ஆசிட் வடிக்கிறார். யுத்தத்தால் சீமைச் சரக்கு வருவதில்லை, வெள்ளி கரைக்க ஆசிட் இல்லாமல் மலைக்கோட்டைத் தட்டார்கள் தவிக்கிறார்கள், நாம் கொடுப்போம் — இதுதான் திட்டம். சீமையில் அம்மோனியாவைப் பிளாட்டினச் சல்லடையில் எரித்துப் பெரிய ஆலையில் எடுக்கிறார்கள். இங்கே, தவழ்கிற குழந்தை இருக்கிற வீட்டில், விறகடுப்பு!

7 ஜூன்
புட்டிகளை அலமாரியில் வைக்கச் சொன்னேன். "பெருமாள் பாத்திரம் இருக்கற எடத்துல அந்தக் கண்ணாடிப் புட்டியா? மடி என்னத்துக்கு ஆறது?" என்றார் மாமியார். இவர் உடனே எல்லாவற்றையும் தரையில் இறக்கிவிட்டார். தரை யாருடைய ராஜ்ஜியம் என்று யோசித்தாரா? தக்கைகள் வேறு ஆசிட் பட்டு மஞ்சளாகி உதிர்கின்றன. கண்ணாடி மூடி வாங்குங்கள் என்றால், "ஆகட்டும்."

8 ஜூன்
ஆகட்டும், ஆகட்டும், ஆகட்டும்.

11 ஜூன்
பூமாவின் விரல்நுனிகள் மஞ்சள். மாமியார் சிரித்தார். "மஞ்சக் கிண்ணத்துல கைய விட்டிருப்போ. அலம்பி விடு." அலம்பினேன். போகவில்லை. எப்படிப் போகும்? ரசாயனம் படித்தவளுக்குத் தெரியாதா, அது தோலையே மஞ்சளாக்குகிற ஆசிட் என்று? உதிர்ந்த தக்கையைப் பொறுக்கியிருக்கிறாள். வாயில் போட்டிருந்தால்? — குடம் குடமாகத் தண்ணீர், பிறகு சோடா உப்பு. நல்லவேளை, புண்ணாகவில்லை.
மாமியார் எதிரிலேயே கத்தினேன். "இந்த ஆத்துல ஒண்ணு அந்த வாலை இருக்கட்டும், இல்லேன்னா நானும் குழந்தையும் இருக்கோம்!"
இவர் ஆகட்டும் சொல்லவில்லை.

15 ஜூன்
வாலை உறையூருக்குப் போயிற்று, ஒரு பழைய சாயக் கொட்டகைக்கு. வீட்டைப் பூராவும் மூன்று தரம் கழுவினேன்.

22 ஜூன்
மலைக்கோட்டைத் தட்டார் பிச்சமுத்து ஆசாரி சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார். "வெள்ளியக் கரைச்சா பால் மாதிரி திரியுதுங்க சாமி." இவர் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். வெடியுப்பில் சாதா உப்பு கலந்திருக்கிறது, அதுதான் வெள்ளியைத் திரிக்கிறது. வெந்நீரில் கரைத்து, ஆறவிட்டு, படிகிற வெடியுப்பை மட்டும் எடுத்து, அப்புறம் காய்ச்ச வேண்டாமா? — சொல்லித் தொலைத்தேன்.
"நீயே ஒரு தரம் வந்து பாரேன்."
"எனக்கு வேற வேலையே இல்லையாக்கும்!"

19 ஜூலை
பூமாவின் விரலில் பழைய தோல் உரிந்துவிட்டது. இன்று உறையூர்க் கொட்டகையிலிருந்து நான் திரும்பும்போது பாட்டியின் இடுப்பிலிருந்து என்னிடம் தாவினாள். குளிக்காமல் தொடக்கூடாது, அழட்டும். எதிர்வீட்டு ரங்கம்மா என் கையைப் பார்த்தாள். "என்னடி வைஜயந்தி, மஞ்சள் அரைச்சயா? போய் அலம்பிண்டு வா."
நான் பதில் சொல்வதற்குள் மாமியார் சொன்னார். "அது அலம்பினாப் போகாதுடி."