அலகு குத்திய கன்னம்

திட்டும்போதும் சிரித்துக்கொண்டே திட்டும் என் அண்ணா,

உன் மகன் சண்முகம் இப்போது சென்ட்ர் டி ஃப்ளாக்கில் பஸ் கண்டக்டர். நடை அப்படியே உன் நடை. அடுத்த மாதம் நம் தீவு நாட்டுக்குச் சுதந்திரம் வருகிறது, புதுக் கொடி ஏற்றப் போகிறார்கள். இதையெல்லாம் சந்தோஷமாகத்தான் எழுத வேண்டும். ஆனால் அவன் இடது கன்னத்தின் உட்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு வந்திருக்கிறது அண்ணா. தேய்த்தாலும் போகவில்லை. உன்னைப் போலவே அவனும் வெற்றிலையோடு புகையிலையை அந்தப் பக்கம்தான் அடக்கி வைக்கிறான்.

உனக்கும் அங்கேதான் புண் வந்தது. தைப்பூசத்துக்கு வருஷம் தவறாமல் நீ அலகு குத்திக்கொண்ட கன்னம். காவடி இறக்கி மாதங்கள் ஆன பிறகும் ஆறவில்லை. முருகன் வைத்த அடையாளம் என்றார்கள் எல்லாரும். நீயும் விபூதி பூசிக்கொண்டு திரிந்தாய். டாக்டரிடம் காட்டச் சொன்னேன். "சாமி காயத்துக்கு ஊசியா? போடி டீச்சரம்மா, என் வாய்க்கும் மார்க் போட வந்துட்டா" என்று சிரித்தாய்.

எலும்பும் தோலுமான பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தாய். உன் இரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் நிறுத்தி வைத்தார்கள். சிவப்பு மளமளவென்று கீழே படிந்தது. இவ்வளவு வேகமாகப் படிந்தால் உடம்பில் எங்கோ அழற்சி இருக்கிறது என்றார் டாக்டர். இருமல் உண்டா என்று கேட்டார், நெஞ்சைப் படம் பிடித்தார், காசநோய் என்று சந்தேகப்பட்டுப் படுக்க வைத்தார். வாயைத் திற என்று யாரும் சொல்லவில்லை. சாமி காயத்தைப் பற்றி நீயும் பேசவில்லை.

பள்ளிக்கூட வராந்தாவில் நடக்கும்போது எங்கோ ஒரு வகுப்பில் கூச்சல் கேட்கும். எந்தப் பிள்ளைக்கு அடிபட்டது என்று கதவைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். அந்த இரத்தச் சோதனையும் அவ்வளவுதான். உன் வாயை ஒருவழியாகத் திறந்து பார்த்தபோது புற்று தாடை எலும்பு வரை போயிருந்தது.

சண்முகத்தை நானே டாக்டரிடம் கூட்டிப்போனேன். திட்டைக் கொஞ்சம் வெட்டிச் சோதிக்க வேண்டியிருக்கும் என்று சொல்லி, முதலில் இரத்தம் எடுத்தார். அவன் இரத்தம் மெதுவாகத்தான் படிந்தது. அவனுக்கு ஒரே கொண்டாட்டம். பாதி கிரியோல், பாதி தமிழ்தானே அவன் பேச்சு: "பா பெர், அத்தே, பயப்படாதீங்க! ரத்தம் நல்லாயிருக்கு. பின்னே எதுக்கு வெட்டணும்?"

டாக்டர் தலையை ஆட்டினார். திட்டு வெறும் திட்டாகவே இருக்கலாம், புற்றாக மாறத் தொடங்கியும் இருக்கலாம், இரண்டிலும் இரத்தம் அமைதியாகவே இருக்கக்கூடும், ஒரு துணுக்குச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். சத்தமே வராத வகுப்பிலும் ஒரு பிள்ளை மயங்கிக் கிடக்கலாம் இல்லையா அண்ணா?

தைப்பூசம் முடியட்டும் என்றான் இவன். அதே கன்னத்தில் அலகு குத்துவதாக வேண்டுதலாம். குருக்களிடம் போனேன். "அலகுக்குப் பதிலா துணியால வாயைக் கட்டிக்கிட்டு மௌனமா வரட்டும்மா, முருகன் கோவிச்சுக்க மாட்டான்" என்றார். சண்முகம் ஒப்பவில்லை. "அப்பா மாதிரி இல்லே, இவன் பயந்துட்டான்னு சொல்லுவாங்க. அப்பா பயந்தாரா அத்தே?"

உன் கடைசி நாட்களில் அவனைக் கிராண்ட் பேயில் அவன் மாமா வீட்டில் விட்டிருந்தோம். ஒன்றும் பார்த்ததில்லை. அதனால் சொன்னேன். காவடிப் பால் கொண்டுவந்து உன் வாயில் விட்டதையும், விழுங்க முடியாமல் அது புற்று அரித்த கன்னத்து ஓட்டை வழியே தலையணையில் வழிந்ததையும், துடைக்க வந்த என் கையை நீ பிடித்துக்கொண்டு விடாததையும் சொன்னேன்.

"பயந்தார்டா" என்றேன்.

அவன் நாக்கால் அந்தத் திட்டைத் துழாவினான். பிறகு, "காவடிக்கு முன்னாடியே போயிடலாம். நீங்களும் உள்ளே வரணும்" என்றான்.

வருகிற திங்கட்கிழமை போகிறோம். அந்தத் துணுக்கு என்ன சொல்லுமோ? அவன் தாங்குவானா, நான் தாங்குவேனா? தெரியவில்லை. அலகு குத்தும் வீடுகளில் நாலு பேர் படிக்கட்டும் என்றே இதை வெளிப்படையாக எழுதுகிறேன்.

உனக்கு வந்த நோயின் பெயரை உன் முகத்துக்கு நேரே ஒருவரும் சொல்லவில்லை. உன் மகனுக்கு அப்படி நடக்க விடமாட்டேன். வந்திருப்பது எதுவானாலும், பக்கத்தில் உட்கார்ந்து, பெயர் சொல்லியே சொல்வேன்.

வக்குவாவிலிருந்து,
உன் கூடப்பிறந்தவள், சண்முகத்தின் அத்தை